சமைத்தவன் சாப்பிடும் நேரம்

மேற்கு மாம்பலத்தில் கஸ்தூரிரங்கன் என்று விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். கல்யாண சமையல் ஐயர் என்று கேட்டால் பால்காரர்கூட வீட்டு வாசல்வரை கொண்டுவிடுவார். உண்மையில் அவர் ஐயங்கார். நெற்றியில் பளிச்சென்று நாமம் இருந்தும் ஊர் அவரை ஐயர் என்றே கூப்பிட்டது. ஆரம்பத்தில் கொஞ்ச வருஷம் திருத்திப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார். அறுநூறு பேருக்குச் சாத்தமுது என்கிற ரசம் கொதிக்கிற இடத்தில் நின்றுகொண்டு ஐயரா ஐயங்காரா என்று பேச யாருக்கு நேரம்?

கல்யாண சமையலை வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது இலையும் பாயசமுமாகத் தெரியும். பின்கட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். தகரக் கொட்டகைக்குள் செங்கல் அடுக்கி, சவுக்குக் கட்டை வைத்து எரிக்கிற நான்கு கோட்டை அடுப்புகள். மேலே சுடுகிற தகரம், கீழே நெருப்பு, நடுவில் இடுப்பில் ஒரு துண்டோடு மனிதன். குழம்பு அண்டாவைக் கிளற இரண்டு கை போதாது. தோளையும் முதுகையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அடிப்பிடிக்காது. அப்பளம் பொரிக்கிறவனுடைய முன்னங்கையில் மயிர் இருக்காது. கஸ்தூரிரங்கன் இருபத்தாறு வருஷம் அங்கே நின்றவர். உப்புப் போட்டால் ருசி பார்க்க மாட்டார். ஆவியை முகர்ந்தே சொல்லுவார், இன்னும் ஒரு கை வேண்டும் என்று.

ருசி பார்க்காததற்குக் காரணம் உண்டு. சம்பந்தி பந்தி எழுந்திருக்கும்வரை சமைத்தவன் வாயில் ஒரு பருக்கை படக்கூடாது. பிள்ளை வீட்டாருக்கு இலை போடுவதற்கு முன்னால் சமையல்காரன் கை நனைத்தால் மொத்தச் சமையலும் எச்சில். அவருடைய அப்பா அப்படி இருந்தார். இவரும் அப்படியே இருந்தார். விடியற்காலையில் அடுப்பு மூட்டினால் பிற்பகல் இரண்டு மணிவரை காபியிலேயே நிற்பார். இரண்டு மணிக்குப் பிறகு மண்டபத்தின் பின்சந்து வழியாக வெளியே போவார். பின்சந்துகளின் முனையில் எப்படியோ ஒரு ஒயின் ஷாப் இருந்துவிடுகிறது. இதை யார் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவருடைய மனைவி பங்கஜம் பதினெட்டு வருஷமாக அவரைத் தேடிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை குட்டி இல்லை. அவரே பிள்ளை, அவரே குட்டி. கோடம்பாக்கம், நந்தனம், மயிலாப்பூர் என்று அவர் விழாத இடமில்லை. பாத்திரம் ஏற்றுகிற மூன்று சக்கர டெம்போவை ஓட்டும் வேலுவும் கூட வருவான். அண்டாக்களுக்கு நடுவே அவரைக் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, பங்கஜம் வெந்நீர் விட்டு அலம்பிப் படுக்க வைப்பாள். பெருமாள் சந்நிதியில் சத்தியம் வாங்கினாள், எட்டு நாள் நின்றது. யாரோ கொடுத்த லேகியம் மூன்று வாரம் நின்றது. கடைசியில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் குடித்தால் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அடையாற்றில் இருந்த ஒரு குடிநோய் சிகிச்சை இல்லத்துக்குப் போனார்கள்.

அங்கே முதல் மூன்று வாரம் படுக்கையும் ஊசியும். தினமும் சாயங்காலம் ஒருவர் எல்லோரையும் உட்கார வைத்துக் குடியின் தீமைகளைச் சொல்லுவார். கஸ்தூரிரங்கன் நன்றாகத் தூங்குவார். நாலாவது வாரம் அவரை அங்கே ஆலோசகராக இருந்த ஜமீலுன்னிசாவிடம் அனுப்பினார்கள். நாற்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, மூக்கில் கண்ணாடி, மேஜைமேல் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"எல்லாருக்கும் ஒரே சட்டை சேராது சார்," என்றாள் அவள். "பாண்டி பஜார்ல ரெடிமேடா வாங்கினா ஒண்ணு தோள் இறங்கும், இல்ல கை ஏறும். உங்க குடி உங்களுடையது. அதுக்கு அளவெடுத்துத்தான் தைக்கணும். போன தீபாவளிக்கு முன்னாடி எந்தெந்த நாள் குடிச்சீங்க, எங்க, யாரோட, அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, குடிக்கறதுக்கு முன்னாடி மனசுல என்ன இருந்துது, ஞாபகம் இருக்கறதை எழுதிட்டு வாங்க."

கஸ்தூரிரங்கனுக்கு வாழ்க்கையில் எழுதத் தெரிந்ததெல்லாம் மளிகை லிஸ்ட். அதே பாணியில் எழுதிக்கொண்டு போனார். 'பிராந்தி கால் 1. தண்ணீர் வேண்டிய அளவு. பக்கோடா வேண்டாம்.' அதைப் பார்த்து ஜமீலுன்னிசா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இந்தக் கட்டம் ஏன் சார் காலியாவே இருக்கு?"

"எது மேடம்?"

"என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டிருக்கேனே. பதினாலு முகூர்த்தம் எழுதியிருக்கீங்க. பதினாலுலயும் கோடு போட்டு வச்சிருக்கீங்க."

"சாப்பிடலை. அதான் கோடு."

"காலையிலேர்ந்தா?"

"காபி உண்டு. ரெண்டு மூணு தரம். டிகாஷன் நன்னா இறங்கியிருக்கான்னு பாக்கணுமோல்லியோ."

"அறுநூறு பேருக்குச் சமைக்கிறவர் ஒரு வாய் சாப்பிட மாட்டீங்களா?"

"சமைச்சவனுக்கு எங்க மேடம் பசிக்கும்? நெய் வாசனையிலயே வயிறு ரொம்பிப் போயிடும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்கஜம் குறுக்கிட்டாள். "ஆத்துக்கு வந்தும் சாப்பிட மாட்டார் மேடம். தட்டைப் போட்டா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துண்டுடுவார்."

"சரி, கடைசிப் பந்தி முடிஞ்சதும் என்ன ஆகும்? நிமிஷம் நிமிஷமா சொல்லுங்க."

"என்ன ஆகும்? எல்லாரும் வெத்தலை போட்டுண்டு, சாயங்காலம் கச்சேரி யாருன்னு பேசிண்டு ஃபேனுக்குக் கீழ படுத்திருப்பா. பரிமாறின பசங்க சாப்பிட்டுட்டுப் போயிடுவான்கள். நான் பின்னாடி அண்டா பக்கத்துல உக்காந்துண்டிருப்பேன். கால் ரெண்டும் கடுக்கும். உள்ளேர்ந்து சத்தம் கேக்கும். பாயசம் பேஷ், பாயசம் பேஷ்னு. யாரும்…" அவர் நிறுத்தினார்.

"யாரும்?"

"யாரும் நீர் சாப்பிட்டீரான்னு கேட்டதில்லை மேடம். இருபத்தாறு வருஷத்துல ஒருத்தர் கேட்டதில்லை."

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகப் போயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பங்கஜம் ஜன்னலைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவளுக்கு இது புதுச் செய்தி.

ஜமீலுன்னிசா அவருக்கென்று ஒரு திட்டம் தைத்தாள். முகூர்த்த நாளில் பத்து மணிக்கு ஒருதரம், பந்தி முடிந்ததும் ஒருதரம், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மணிக்கு ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோர். வேலை முடிந்ததும் பின்சந்து கூடாது. மண்டபத்தின் முன்வாசல் வழியாக வர வேண்டும், வேலு அங்கே டெம்போவோடு நிற்க வேண்டும். யாராவது பாட்டிலை நீட்டினால் என்ன சொல்வது என்று ஒத்திகை வேறு. அவளே எழுந்து நின்று கையில் தண்ணீர் பாட்டிலோடு, "என்ன ஐயரே, சாம்பார் பிரமாதம், வாங்க, ஒரு ரவுண்டு போலாம்!" என்பாள். அவர் கைகூப்பி, "இல்ல மாமா, மாத்திரை சாப்பிடறேன்," என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு தரம் சிரிப்பு வந்து சொல்ல முடியவில்லை. மூன்றாவது தரம் சொன்னார்.

"இவ்வளவும் செஞ்சும் கை பரபரன்னு வந்துச்சுன்னா, யாரையும் கேக்காதீங்க, நேரா இங்க வந்துடுங்க. ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் வாட்ச்மேன் எனக்குப் போன் பண்ணிடுவார். வந்துடுவேன்," என்று அனுப்பினாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"பத்து மணிக்குச் சாப்பிடணுமாம். சம்பந்தி பந்திக்கு முன்னாடி நான் எப்படிடீ வாயில வைப்பேன்? எங்கப்பா ஜுரத்துல நின்னு சமைச்சப்போகூடக் கஞ்சியைத் தொடலை."

"அதை மேடம்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றது? அவாளுக்கு இதெல்லாம் புரியுமா? குடிக்கறதுக்கு வெக்கப்படாதவன் சாப்பிடறதுக்கு வெக்கப்படறானேன்னு நினைச்சுப்பா."

பங்கஜம் அரிசி களைந்துகொண்டே யோசித்தாள். "கல்யாணத் தளிகையைத் தொட வேண்டாம். நான் ஆத்துலேர்ந்து தயிர் சாதம் பிசைஞ்சு தூக்குல தரேன். நம்ம அரிசி, நம்ம பால். அதுல அவாளுக்கு என்ன எச்சல்?"

அவர் ஆவியை முகர்கிற மாதிரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "தனியா ஒரு மூலையில உக்காந்து… கையை நன்னா அலம்பிண்டு…"

"ஆமா. வேலுவை வாசல்ல நிக்கச் சொல்லுங்கோ."

மேடத்திடம் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது வழி சொல்லியிருப்பாள். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் சாப்பிடு என்றாவது சொல்லியிருப்பாள். பின்னால் பங்கஜம் இதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். அப்போது இருவருக்கும் அது தோன்றவில்லை. தாங்களே கண்டுபிடித்த யுக்தியில் சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்த யுக்தி ஆறரை மாதம் வேலை செய்தது. தை மாதம் ஒன்பது முகூர்த்தம், மாசியில் ஆறு. எல்லாவற்றிலும் பத்து மணிக்கு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் மணையைப் போட்டு உட்கார்ந்து தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டார். வாசலில் வேலு பீடியைக் காதில் சொருகிக்கொண்டு காவல் நிற்பான். யாராவது வந்தால், "ஐயரு ஸ்டோர்ல சாமான் பாத்துக்கினு கீறாரு, அப்பறம் வா," என்று திருப்பி அனுப்புவான். அவருக்குக் கன்னம் கொஞ்சம் மேடிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்கஜத்தைப் பனகல் பார்க் பக்கம் அழைத்துப்போய்ப் பூ வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்துவிட்டு அவளை விட்டுப் பத்தடி முன்னால் நடந்தார், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. அவள் அதையே ஒரு மாதம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா சுவாமிநாதன், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். மெல்லிய மனிதர்; தேங்காய் வாங்கினால்கூடத் தேங்காய்க்காரரிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். அன்று ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில் காலை எட்டு மணிக்கே தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கொட்டகைக்குள் மூச்சு விட்டால் மூக்கு சுட்டது. உதவிக்கு வருகிற இரண்டு மாமிகள் வராததால் பங்கஜமும் வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்குப் பாயசத்துக்கு வைத்த பால் திரிந்துபோயிற்று. வேறு பால் வரவழைத்து, காய்ச்சி, கிளறி இறக்குவதற்குள் பத்தே முக்கால். கஸ்தூரிரங்கனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதைவிட, கை பரபரவென்று இருந்தது. அவர் பங்கஜத்தைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே ஸ்டோர் ரூமைக் காட்டினாள். வாசலில் வேலு இல்லை. மோருக்குப் போட ஐஸ் பாளம் வாங்கிவர யாரோ அவனை அனுப்பியிருந்தார்கள். பரவாயில்லை, ஐந்து நிமிஷ வேலைதானே என்று அவர் உள்ளே போய் உட்கார்ந்தார்.

பிள்ளையின் பெரியப்பா மாத்திரை போட்டுக்கொள்ள வெந்நீர் தேடிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டுக்கொண்டு உள்ளே வரும் பழக்கம் இல்லாதவர்.

"என்னய்யா இது? சம்பந்திகளுக்கு இன்னும் இலையே போடலை. அதுக்குள்ள சமையல்காரன் சாப்பிட்டுண்டிருக்கானா?"

கஸ்தூரிரங்கன் சாதக் கையோடு எழுந்து நின்றார். "ஆத்துச் சாதம் மாமா. ஆத்துலேர்ந்து கொண்டுவந்தது."

"அறுநூறு பேருக்கு வடிச்சுக் கொட்டி வெச்சுண்டு, ஆத்துலேர்ந்து சாதம் கட்டிண்டு வந்தேன்னா எந்த மடையன் நம்புவான்? இத்தனை நேரமும் இந்தக் கையாலதானே கிளறினே?"

நியாயமான கேள்விதான். சத்தம் கேட்டு ஒருவர், இருவர், பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பட்டுப்புடவைகள் ஸ்டோர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. சுவாமிநாதன் ஓடிவந்து, விஷயம் தெரிவதற்கு முன்பே கைகூப்பினார்.

"எச்சக் கையால தொட்ட தளிகையை எங்க மனுஷா சாப்பிட மாட்டா. சொல்லிட்டேன்," என்றார் பெரியப்பா.

"அண்ணா, கொஞ்சம் பொறுத்துக்கணும். ஏதோ தெரியாம…"

"இருபது கல்யாணம் பண்ணி வெச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

பங்கஜம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையெல்லாம் தேங்காய்ப் பூ. "மாமா, சத்தியமா அது ஆத்துச் சாதம். நான்தான் பிசைஞ்சு கொடுத்தேன். அவருக்கு வைத்தியம் நடக்கறது. வேளைக்குச் சாப்பிட்டே ஆகணும்."

பெரியப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. தன் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன வைத்தியம்? சுகரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சுகர். அடடா, முதலிலேயே சொல்லக்கூடாதா என்று அவருக்கு ஒரு இலையே போட்டிருப்பார்கள். ஆனால் பங்கஜத்துக்கு ஆறரை மாதமாக நெஞ்சில் ஒரு பெருமை அடைத்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத பெருமை. தன் புருஷனை ஊர் எச்சில் பண்ணினவன் என்று சொல்லும்போது அது உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"இல்ல மாமா. குடியை விடறதுக்கு. ஆறரை மாசமா ஒரு சொட்டுத் தொடலை!"

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. நாதஸ்வரக்காரர் உள்ளே ஏதோ வாசித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

"குடிகாரனா?" என்றார் பெரியப்பா. "குடிகாரன் கையாலயா சமைக்கச் சொன்னேள்?"

சுவாமிநாதனின் முகம் வெளுத்துப்போயிற்று. கஸ்தூரிரங்கனின் அருகில் வந்து, மிகவும் தாழ்ந்த குரலில், "ஓய், தப்பா எடுத்துக்காதேயும். பந்தி முடியறவரைக்கும் கொஞ்சம் வெளியில இரும்," என்றார்.

கஸ்தூரிரங்கன் தூக்கை மூடினார். குழாயடியில் கையை அலம்பினார். பங்கஜத்தின் அருகில் வந்ததும் நின்றார். கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சுகர்னு சொல்லியிருக்கப்படாதா, பங்கஜம்?"

அவ்வளவுதான் கேட்டார். சட்டை ஸ்டோர் ஆணியில் தொங்கியது, செருப்பு முன்வாசலில் கிடந்தது. இரண்டையும் எடுக்கவில்லை. வேஷ்டியும் துண்டுமாகப் பின்சந்து வழியாக வெளியே போனார்.

பின்னால் ஓடப் பங்கஜத்துக்குக் கால் துடித்தது. ஆனால் அடுப்பில் சாத்தமுது பொங்கிக்கொண்டிருந்தது. எது எங்கே இருக்கிறது என்று கூடவந்த பசங்களுக்குத் தெரியாது. அந்த ஹெட்மாஸ்டர் வேறு சுவரோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியைப் பிடித்தாள். அறுநூறு பேர் வந்த பிறகு வேறு சமையலுக்கு எங்கே போவது? பெருமாளுக்குக் காட்டிவிட்டால் தோஷமில்லை என்று ஒரு சாஸ்திரிகள் வழி சொன்னார். இலை போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். எச்சில் என்று குதித்த பெரியப்பா பாயசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டார். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பரிமாறிய பையன் சொன்னது.

இரண்டே கால் மணி இருக்கும். பாத்திரங்களை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்பர் பாஷாவின் ஆட்டோ வந்து நின்றது. காலையிலிருந்து கல்யாண வீட்டுக்குச் சவாரி அடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"யம்மா, உங்க ஐயரு அடையார் பிரிட்ஜ தாண்டி பிளாட்பாரத்துல மட்டையாயிக் கீறாரு. நான் சவாரி போய்க்கினு இருந்தேன், நிறுத்த முடில. நம்ம ஐயராச்சேன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

பங்கஜத்தின் கையிலிருந்த ஜல்லிக்கரண்டி தரையில் விழுந்தது.

"மட்டையாவா?" என்றான் வேலு. "அவுரா? சான்சே இல்ல நைனா. நல்லாப் பாத்தியா?"

"குப்புறக் கீறாரு. துண்டு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். வேற இன்னா? குடிச்சிட்டுத்தான் கீறாரு." ஆட்டோ போய்விட்டது.

வேலு அண்டாவைக் கீழே வைத்தான். "மாமி, ஏறு வண்டில. இத்த அப்பறமா ஏத்திக்கலாம்."

"வேண்டாம், வேலு."

"இன்னா வேண்டாம்?"

"போக வேண்டாம். கிடக்கட்டும்."

வேலு அவளை உற்றுப் பார்த்தான். மாமிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தான். பங்கஜம் பித்தளைத் தவலையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை புதன்கிழமை பொண்டாட்டிகளை மட்டும் தனியா உக்கார வெச்சுப் பேசுவா மேடம். என்கிட்டத் தனியா ஒண்ணு சொல்லியிருக்கா. மறுபடி அவர் குடிச்சுட்டு எங்கயாவது விழுந்தா நான் ஓடிப் போய்த் தூக்கப்படாது. அலம்பி விடப்படாது. அவரே எழுந்துண்டு, அவரே வெக்கப்பட்டு, அவரே நடந்து ஆத்துக்கு வரணும். பதினெட்டு வருஷம் தூக்கினேனே, தூக்கித் தூக்கித்தான் அவரைக் கெடுத்தேனாம். வைத்தியத்துல அது எனக்குண்டான பங்கு, வேலு. அவர் பங்கை அவர் விட்டுட்டார். நானும் விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"அந்தம்மா சொன்னது செரி மாமி. ஆனா வெயிலுக்கு அது தெரியுமா? இன்னா கொளுத்து கொளுத்துது பாரு."

"எத்தனை வெயில்ல கிடந்திருக்கார். தெளிஞ்சா வருவார்."

கோபமும் இருந்தது, அதை மறைத்துச் சொல்வதில் லாபமில்லை. தான் வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல்லுக்காக, ஆறரை மாதத்தை ஒரே மத்தியானத்தில் கொட்டிவிட்டாரே என்ற கோபம். தான்தானே கொட்ட வைத்தோம் என்பது அந்தக் கோபத்துக்கு அடியில் கிடந்து அறுத்தது. அவள் எழுந்து கரண்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். வேலு வண்டிக்கும் அவளுக்குமாக நடந்துகொண்டிருந்தான். நாலு மணி அடிக்கப் போகும்போது அவன் சாவியை எடுத்துக்கொண்டு, "நீ வராட்டி போ மாமி. நான் போறேன். எனக்கு ஒரு மேடமும் ஒண்ணும் சொல்லல," என்றான்.

அவளும் ஏறிக்கொண்டாள்.

பாலத்தைத் தாண்டி, இடது பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர். மத்தியானம் முழுக்க அங்கே நிழலே இல்லை. இப்போதுதான் ஒரு சாண் நிழல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் அந்த நிழலுக்கு இந்தப் பக்கம் கிடந்தார். ஜனங்கள் அவரைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பெண், "ஒண்ணரை மணிலேர்ந்து கீறான்மா. குடிகாரப் பசங்க தொல்ல தாங்கல. நான்தான் கூடைய இந்தாண்ட நவுத்திக்கினேன்," என்றாள். அவள் கெட்டவள் இல்லை. பதினெட்டு வருஷத்தில் பங்கஜமே எத்தனையோ பேரை அப்படித் தாண்டிப் போயிருக்கிறாள்.

பங்கஜம் குனிந்து அவரைத் திருப்பினாள். உடம்பு அடுப்பிலிருந்து இறக்கின மாதிரி சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்து உரிந்திருந்தன. அவள் வழக்கம்போலத் தன் மூக்கை அவர் வாயருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். மறுபடி முகர்ந்தாள். கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து முகர்ந்தாள்.

"வேலு, நீ பாரு. நீ பாரேன்."

வேலு மண்டியிட்டு முகர்ந்தான். அவனுக்குத் தெரியாத வாசனை இல்லை. "இல்ல மாமி," என்றான். "ஒண்ணியும் இல்ல. தயிரு வாசனதான் வருது."

"குடிக்கலை!" என்று பங்கஜம் கத்தினாள். அது சந்தோஷமா அழுகையா என்று புரியாமல், தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். "இவர் குடிக்கலை! எல்லாரும் வந்து பாருங்கோ, இவர் குடிக்கலை!"

வெள்ளரிக்காரி எழுந்து ஓடிவந்து தன் சொம்புத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். வண்டியில் ஏற்கெனவே ஏற்றியிருந்த அண்டாக்களைத் தெருவில் இறக்கிவிட்டு அவரை டெம்போவில் கிடத்தினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தார்கள், இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கஸ்தூரிரங்கன் போய்விட்டார். இளவயது டாக்டர் வெளியே வந்து, "வெயில்தாம்மா. உடம்புல தண்ணியே இல்ல, லிவரும் ஏற்கெனவே வீக். ஒரு ரெண்டு மணி நேரம் முன்னாடி…" என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் உள்ளே போனார்.

பின்னொரு நாள் வேலு அந்த வழியைத் தானே நடந்து பார்த்தான். மண்டபத்துப் பின்சந்திலிருந்து அடையாறுவரை நாலு ஒயின் ஷாப். நாலும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பவை. கையில் சல்லி இல்லாவிட்டால் என்ன, அந்த நாலில் இரண்டு கடையில் அவருக்குக் கடனே கொடுப்பார்கள். நாலையும் செருப்பில்லாத காலோடு தாண்டியிருக்கிறார். சிகிச்சை இல்லத்துக்கு இன்னும் இரண்டு தெரு பாக்கி.

மூன்றாம் நாள் ஜமீலுன்னிசா மேற்கு மாம்பலத்துக்கு வந்தாள். சாவு வீட்டுக்குள் வரலாமா என்று தெரியாமல் வாசல் கேட்டருகே நின்றாள். பங்கஜம் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கோ மேடம்," என்றாள். இருவரும் வெறுந்தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"என்னைப் பாக்கத்தான் வந்திருக்கார்," என்றாள் ஜமீலுன்னிசா. கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியால் துடைத்தாள். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "சொன்னபடி வந்திருக்கார். இத்தனை வருஷத்துல இவ்வளவு சரியாக் கேட்டவங்க எனக்கு யாரும் இல்லம்மா."

"ஆமா மேடம். அவர் சொன்னதைக் கேப்பார். நானும் கேட்டேன்." பங்கஜத்தின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பாடத்தில் ஒரு இடம் புரியாத குழந்தை டீச்சரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "குடிச்சுட்டு விழுந்தா தூக்கப்படாதுன்னு சொன்னேள். சரி. குடிக்காம விழுந்தா தூக்கலாமோல்லியோ? ரெண்டும் ஒரே மாதிரிதானே கிடப்பார். தூரத்துலேர்ந்து அதை எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?"

ஜமீலுன்னிசா கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். பங்கஜம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.